பிள்ளை யாருக்கு? பிரிந்த பெற்றோரும் பிள்ளைப் பராமரிப்பு உரிமையும்

பள்ளி விட்டு அரை மணி நேரம் ஆகிவிட்டது. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும் வாயிற்கதவின் உட்புறம் நிற்கிறாள். வெளியே அம்மாவின் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதற்குப் பின்னால் அப்பாவின் வேன். இருவரும் பிள்ளையை அழைத்துப்போக வந்திருக்கிறார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கடமையில் இருக்கும் ஆசிரியர் யாரிடம் பிள்ளையை ஒப்படைப்பது? பண்டமாரானிலும் கிள்ளான் வட்டாரத்திலும் பணியாற்றும் ஆசிரியர்கள் இந்த நிலையை எண்ணிப் பார்க்கத் தொலைவு போக வேண்டியதில்லை. பெற்றோரின் வழக்கு நீதிமன்றத்தைச் சென்றடைவதற்கு முன்பே பள்ளி வாயிலுக்கு வந்துவிடுகிறது.

அத்தகைய நேரத்தில் நம் வாயில் முதலில் எழும் கேள்வி, "பிள்ளை யாருக்கு?" என்பதுதான். வீடு யாருக்கு, நகை யாருக்கு, காடி யாருக்கு என்று கேட்கும் அதே வாய்பாட்டில் பிள்ளையையும் கேட்கிறோம். சட்டமோ இப்படிக் கேட்பதில்லை. சட்டம் கேட்பவை வேறு கேள்விகள். அவை ஒன்றன்று, மூன்று. அந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் தீர்க்கக்கூடிய பிணக்குகள்கூடத் தீராப் பகையாக முற்றுகின்றன என்பது நமது கருத்து.

மூன்றையும் பிரித்துக் காண்போம். முதலாவது, பிள்ளையின் வாழ்க்கையைப் பற்றிய பெரிய முடிவுகளை எடுக்கும் உரிமை. எந்தப் பள்ளி, என்ன சிகிச்சை, எந்தச் சமயம், எந்த ஊர் என்பன இதில் அடங்கும். இதனைப் பராமரிப்பு உரிமை எனலாம். இரண்டாவது, அன்றாடம் பிள்ளையை உடன் வைத்து எழுப்பி, ஊட்டி, உடுத்தி, உறங்கவைக்கும் பொறுப்பு. இதனை நேரடி வளர்ப்பு எனலாம். மூன்றாவது, பிள்ளை உடன் இல்லாத பெற்றவர் அதனைச் சந்திக்கவும் அதனுடன் தங்கவும் பேசவும் உள்ள உரிமை. இது சந்திப்புரிமை. முதலாவதை இருவருக்கும் கூட்டாகவும், இரண்டாவதை ஒருவருக்கும், மூன்றாவதை மற்றவருக்கும் நீதிமன்றம் வழங்கலாம். அவ்வாறு வழங்கப்படும் ஆணைகள் நம் நாட்டில் அரியன அல்ல. ஆயினும் அப்படியோர் ஆணையைக் கையில் பெற்ற தந்தை வெளியே வந்து, "பிள்ளை அவளுக்குப் போய்விட்டது" என்கிறார். போகவில்லை. பள்ளி மாற்றுவதென்றால் அவரையும் கேட்க வேண்டும் என்று அதே தாளில் எழுதியிருக்கிறது.

தாளில் எழுதியிருப்பது பெரும்பாலும் மலாயில். நீதிமன்ற மொழி தேசிய மொழி. அதில் குறைகூற ஒன்றுமில்லை. 'ஹாக் ஜாகாஅன்' என்றும் 'காவாலான்' என்றும் 'அக்செஸ்' என்றும் வரும் சொற்களைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஆளில்லாமல் கையொப்பம் இடுவோர் உளர் என்பதுதான் குறை. இத்தனைக்கும் அச்சொற்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. மலாயின் 'காவால்' நம் 'காவல்' என்னும் சொல் கடல் கடந்து சென்றதே. 'ஜாகா' என்பது வடமொழியில் விழித்திருத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து மலாய்க்கு வந்தது. நம் மக்கள் காவலாளி வேலையை 'ஜாகா வேலை' என்று சொல்லிப் பழகியவர்கள். ஆக, ஆணையில் உள்ள இரண்டு சொற்களுள் ஒன்று காத்தலையும் மற்றொன்று கண்விழித்திருத்தலையும் குறிக்கின்றன. உடைமை என்ற பொருள் இரண்டிலும் இல்லை.

இனிச் சட்டத்திற்கு வருவோம். முஸ்லிம் அல்லாதாருக்குரிய 1976ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நம்மவரின் திருமணம் வழக்காற்றின்படி நடந்தது, பிரிவும் அவ்வாறே. தோட்டத்தில் தண்டலோ கோயில் தலைவரோ ஊர்ப் பெரியவர்களோ கூடிப் பேசி முடித்தார்கள். அதில் நன்மை இல்லாமலில்லை. விரைவும் இருந்தது, செலவும் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் இரு குடும்பங்களின் மானத்தைப் பற்றியதாக இருந்ததே தவிர, பாயில் உறங்கிக்கொண்டிருந்த பிள்ளையைப் பற்றியதாக இருக்கவில்லை.

1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 88ஆம் பிரிவு அந்தப் பார்வையைத் திருப்பியது. பிள்ளையை யாருடைய பராமரிப்பில் விடுவது என்பதை முடிவுசெய்கையில் பிள்ளையின் நலனே தலையாயது என்று அது விதிக்கிறது. அதற்குட்பட்டுப் பெற்றோரின் விருப்பத்தையும், சுயமாகக் கருத்துரைக்கும் வயதை அடைந்த பிள்ளையாயின் அதன் விருப்பத்தையும் நீதிமன்றம் கருதிப் பார்க்க வேண்டும். யார் நல்ல கணவர், யார் நல்ல மனைவி என்பது அங்கே மையக் கேள்வியன்று. திருமணத்தில் தவறிழைத்தவர் பிள்ளை வளர்ப்பில் குறையற்றவராக இருக்கக்கூடும். இதனை ஏற்பதுதான் நம்மவர்க்கு மிகக் கடினமாக இருக்கிறது.

அதே பிரிவு, ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளை தாயிடம் இருப்பதே நன்று என்று அனுமானிக்கிறது. இதனைப் பலர் அரைகுறையாகக் கேட்டு, "ஏழு வயது வரை அம்மாவுக்கு, பிறகு அப்பாவுக்கு" என்று சொல்லித் திரிகின்றனர். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அது மறுத்து நிறுவக்கூடிய அனுமானம். தாயிடம் இருப்பது நன்றன்று என்று சான்று காட்டினால் விலகிவிடும். மேலும், பிள்ளை பழகிய வாழ்க்கையை அடிக்கடி இடம்மாற்றிக் குலைப்பது விரும்பத்தக்கதன்று என்பதையும் நீதிமன்றம் நோக்க வேண்டும் என்று அதே வரியில் எழுதப்பட்டிருக்கிறது. ஏழாவது பிறந்தநாளன்று பிள்ளையைப் பெட்டியோடு வந்து கூட்டிப்போகலாம் என்று எங்கும் இல்லை. பெற்றோர் இருவரிடமும் விடுவது உகந்ததாகாத அசாதாரண நிலையில், பாட்டி போன்ற உறவினரிடமும் தக்க அமைப்பிடமும்கூட விடலாம்.

இன்னொரு சட்டமும் உண்டு. 1961ஆம் ஆண்டுச் சிறார் பாதுகாவலர் சட்டம், 1999இல் செய்யப்பட்ட திருத்தத்தால், பிள்ளையின் மீது தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை என்று தெளிவாக்கியது. மணமுறிவு கோராமல் பிரிந்து வாழும் பெற்றோர்க்கும் இச்சட்டம் பயன்படும். கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் வாழ்ந்தோரின் நிலை மட்டும் சிக்கலானது. பிள்ளையைப் பற்றிப் பேசுமுன் திருமணம் உண்டா இல்லையா என்ற வாதமே எழுந்துவிடும். பதிவுத்தாள் வெறும் தாள்தானே என்பாரிடம் இதனைச் சொல்லி வைக்கலாம்.

வழக்கு எவ்வழியே செல்கிறது? இருவரும் மனமொப்பிப் பிரிவதாயின், பிள்ளையின் பராமரிப்புக்கும் செலவுக்கும் தாமே ஏற்பாடு செய்து, கூட்டு மனுவாக உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். ஒருவர் மட்டும் கோருவதாயின், சில விதிவிலக்குகள் நீங்கலாக, முதலில் தேசியப் பதிவு இலாகாவின் வழியே இணக்கக் குழுவிடம் செல்ல வேண்டும். இக்குழுவுக்கு ஆறு மாத கால அளவு உண்டு. வழக்கறிஞர் அங்கே வாதாட முடியாது. இருவரும் நேரே வந்து அமர்ந்து பேச வேண்டும். பலர் இதனை ஒரு சடங்காகக் கருதிச் சான்றிதழுக்காகவே செல்கின்றனர். திருமணம் மீளாது என்பது உறுதியானாலும், பிள்ளையைப் பற்றி அமைதியாகப் பேசுவதற்கு அம்மேசை கிடைத்தற்கரிய வாய்ப்பு. அதன் பின்னரும் 2012ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டத்தின் வழியே தனியார் மத்தியஸ்தமும், நீதிமன்றத்தின் துணையோடு நடைபெறும் மத்தியஸ்தமும் இருக்கின்றன. பொருள் வசதி இல்லாதார் அரசின் சட்ட உதவி இலாகாவையும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும் நாடலாம். குடும்ப வழக்குகளை இரண்டுமே ஏற்கின்றன.

மத்தியஸ்தத்தில் என்னதான் பேசுவது? ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தை துறைமுகத்தில் 12 மணி நேர ஷிப்ட் வேலை செய்கிறார். தாய் ஷா ஆலாம் தொழிற்சாலையில் பணிபுரிகிறார். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஐந்து. தாய் பிள்ளைகளோடு தன் அம்மா வீட்டுக்குச் சென்றுவிட்டார். அந்த வீடு பண்டமாரானிலேயே இருக்கிறது. தந்தை, மகனையாவது தன்னிடம் விட வேண்டும் என்கிறார், அதாவது ஆளுக்கொன்று. ஒவ்வொரு பிள்ளையின் நலனையும் தனித்தனியே நோக்கலாம் என்று சட்டம் இடம்தருவது உண்மையே. ஆனால் அண்ணனையும் தங்கையையும் இரு கூரையின்கீழ் வைப்பதற்குப் பெற்றோரின் சமாதானம் மட்டும் காரணமாக முடியாது. அந்தச் சிறுமி இந்த ஆண்டு வீட்டில் தகப்பனை இழந்திருக்கிறாள். அண்ணனையும் இழக்க வேண்டுமா?

வழக்கமான ஆணை, "ஒன்றுவிட்ட ஒரு வார இறுதியில் தந்தை பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம்" என்றிருக்கும். துறைமுகத் தொழிலாளிக்கு அது பயன்படாது. அவருடைய ஓய்வு நாள் வாரந்தோறும் நகரும். இரண்டு சனிக்கிழமை அவர் வராமற்போனால், "அப்பாவுக்கு அக்கறை இல்லை" என்று பிள்ளையின் காதில் விழும். மூன்றாம் சனிக்கிழமை அவர் வரும்போது கதவு திறக்காது. ஆகவே ஒப்பந்தத்தை நாட்காட்டியின்படி எழுதாமல் அவருடைய ஷிப்ட் அட்டவணையின்படி எழுத வேண்டும். ஒவ்வொரு மாதமும் 25ஆம் நாளுக்குள் அடுத்த மாத அட்டவணையை அவர் அனுப்ப வேண்டும். அதில் வரும் இரண்டு ஓய்வு நாட்கள் அவருக்குரியவை. பிள்ளைகளை எங்கே கைமாற்றுவது? காவல் நிலையத்தில் என்று எழுதிக்கொள்வோரும் உண்டு. அடிதடி அச்சம் உள்ள வீடுகளுக்கு அது தேவையாகலாம். இல்லாவிடில் பாட்டி வீட்டு வாசலே போதும். இரவு எட்டு மணிக்குப் பத்து நிமிடம் தொலைபேசி. அந்நேரம் தாய் வேறு அறையில் இருப்பார். தீபாவளி ஓராண்டு இங்கே, மறு ஆண்டு அங்கே. ஆண்டிறுதி விடுமுறை பாதிப் பாதி. மைகிட்டும் கடப்பிதழும் யாரிடம் இருக்கும், காய்ச்சல் என்றால் யார் முதலில் யாருக்கு அழைப்பார், பள்ளித் தேர்ச்சி அறிக்கையை யார் கையொப்பமிட்டு மற்றவர்க்கு நகல் அனுப்புவார் என்பவற்றையும் எழுத வேண்டும். இவ்வளவு சின்னச் சின்னச் செய்திகளா என்று தோன்றலாம். "நியாயமான சந்திப்பு" என்று இரண்டு சொல்லில் எழுதி முடித்தவர்கள்தாம், எது நியாயம் என்று கேட்டு மீண்டும் நீதிமன்றப் படியேறுகின்றனர்.

பணத்தைப் பற்றி ஒன்று. "செலவுக்குப் பணம் தராதவருக்குப் பிள்ளையைக் காட்ட மாட்டேன்" என்பதும், "பிள்ளையைக் காட்டாதவருக்கு ஏன் பணம் தர வேண்டும்" என்பதும் நாம் கேட்டுச் சலித்த வாதங்கள். இரண்டுமே சட்டத்தில் செல்லா. பிள்ளை தம்மிடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பராமரிப்புச் செலவு பெற்றோரின் கடமை. அது தவறினால் அதற்குரிய வழக்கு வேறு. சந்திப்பைத் தடுப்பது அதற்கு மாற்று ஆகாது. முன்பு 18 வயதோடு முடிந்த இக்கடமை, 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால், பிள்ளை உயர்கல்வியையோ பயிற்சியையோ முடிக்கும்வரை நீளக்கூடியதாயிற்று. கல்லூரி வாயிலில் நிற்கும் மாணவர்கள் இதனைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஆணை இருந்தும் பிள்ளை கைக்கு வராத துயரமும் உண்டு. நம் நாடறிந்தது ஈப்போவைச் சேர்ந்த பாலர்பள்ளி ஆசிரியை எம். இந்திரா காந்தியின் வழக்கு. 2009இல் அவருடைய கணவர் இஸ்லாத்திற்கு மாறினார். தாயின் இசைவின்றி மூன்று பிள்ளைகளையும் மதம் மாற்றினார். அவர்களுள் 11 மாதக் கைக்குழந்தையாக இருந்த இளைய மகளை எடுத்துக்கொண்டு சென்றார். 2010இல் ஈப்போ உயர் நீதிமன்றம் மூன்று பிள்ளைகளின் பராமரிப்பு உரிமையையும் தாய்க்கு வழங்கியது. மதமாற்றத்தை 2013இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. 2018 ஜனவரி 29ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தாயின் பக்கம் தீர்ப்பளித்தனர்.

அவ்வழக்கில் மொழியன்பர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் சமயத்தை யார் முடிவுசெய்வது என்பதைக் கூட்டரசு அரசியலமைப்பின் 12ஆம் விதியின் நான்காம் உட்பிரிவு சொல்கிறது. ஆங்கில மூலத்தில் அவ்விடத்தில் இருப்பது பெற்றவர் என்று பொருள்படும் ஒருமைச் சொல். மலாய் மொழிபெயர்ப்பிலோ 'இபு அதாவ் பாப்பா', அதாவது தாய் அல்லது தந்தை, என்றிருந்தது. 'அல்லது' என்ற ஒரு சொல்லின்மேல் ஒரு குடும்பத்தின் தலையெழுத்து நின்றது. ஒருமைச் சொல் பன்மையையும் உள்ளடக்கும் என்று அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணை கூறுவதையும், சிறார் பாதுகாவலர் சட்டம் இருவருக்கும் சம உரிமை தருவதையும் எடுத்துக்காட்டி, பெற்றோர் இருவரின் இசைவும் வேண்டும் என்று நீதிமன்றம் பொருள்கொண்டது. ஒரு விகுதியும் ஓர் இடைச்சொல்லும் என்ன செய்யும் என்று கேட்கும் மாணவர்க்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நாம் தேட வேண்டியதில்லை.

தீர்ப்பு வந்த அந்நாளில் அந்தக் குழந்தைக்கு ஏறத்தாழப் பத்து வயது. அன்றும் அவள் தாயிடம் இல்லை. தந்தையைக் கைதுசெய்யும் ஆணையை நிறைவேற்றுமாறு தேசியக் காவல் படைத் தலைவருக்கு 2016இலேயே கூட்டரசு நீதிமன்றம் கட்டளையிட்டிருந்தது. அதன் பின்னும் தேடல் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 'இரு தாய், ஒரு பிள்ளை' என்ற பழைய கதையை மரியாதை ராமன் பெயரிலும் சாலமோன் பெயரிலும் கேட்டிருக்கிறோம். பிள்ளையை வெட்டச் சொன்னதும் உண்மைத் தாய் பதறிவிடுவாள், வழக்கு தீர்ந்துவிடும். உண்மை வாழ்வில் இருவருமே பெற்றவர்கள். பதறுகிறவரிடமிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எளிதாகவும், திரும்பப் பெறுவது அரிதாகவும் இருக்கிறது. எனவே பிள்ளை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்லப்படலாம் என்ற அச்சம் இருப்பின், அதனை முன்கூட்டியே தடுக்கும் ஆணையை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே கேட்கலாம். பிள்ளை போன பிறகு கேட்பதைவிட அது மேல்.

பிள்ளையின் குரலைப் பற்றி ஆசிரியர்களிடம் தனியே சொல்ல வேண்டும். சட்டம் இன்ன வயது என்று வரையறுக்கவில்லை. சுயமாகக் கருத்துரைக்கும் வயது என்றே சொல்கிறது. நீதிபதி பிள்ளையைத் தம் அறைக்கு அழைத்து, பெற்றோர் இல்லாமல் பேசுவதுண்டு. அங்கே பிள்ளை சொல்வது தன் சொல்லா, வீட்டில் மனப்பாடம் செய்வித்த சொல்லா என்பதை அவர் உணர முயல்வார். ஆசிரியர் செய்யக்கூடாத ஒன்று, "உனக்கு யாரிடம் இருக்க விருப்பம்?" என்று கேட்பது. அந்தக் கேள்விக்குப் பிள்ளை எந்த விடை சொன்னாலும் ஒருவருக்குத் துரோகம் செய்ததாகவே உணரும். செய்யக்கூடியது, கண்டதைக் கண்டபடி குறித்துவைப்பது. வருகை, வீட்டுப்பாடம், உணவு கொண்டுவந்த நாள், பெற்றோர் சந்திப்புக்கு வந்தவர் யார் என்பவை. சிறார் நலத்தில் பயிற்சி பெற்றவரின் ஆலோசனையை இயன்றபோது நீதிமன்றம் கேட்க வேண்டும் என்று அச்சட்டம் சொல்கிறது. அவ்வாறு வரும் நலத்துறை அலுவலர்க்குப் பள்ளியின் குறிப்பு பெரிதும் உதவும். "தாய் பொறுப்பற்றவர்" என்று எழுதும் கடிதத்தைவிட, "மார்ச் மாதத்தில் ஒன்பது நாள் வரவில்லை" என்று எழுதும் கடிதம் எடையுள்ளது.

மீண்டும் பள்ளி வாயிலுக்கு வருவோம். அந்த மாணவி இன்னும் நிற்கிறாள். ஆணை எதுவும் இல்லையெனில் பெற்றோர் இருவருக்கும் சம உரிமை. உரக்கப் பேசுபவரிடமோ முதலில் வந்தவரிடமோ ஒப்படைப்பது தீர்வன்று. பள்ளி நீதிமன்றமும் அன்று. தலைமையாசிரியர் இருவரையும் தனித்தனியே அமர்த்திப் பேச வேண்டும். பிள்ளைக்கு ஊறு நேரும் அச்சம் இருந்தால் காவல்துறையையோ 15999 என்ற அரசின் உதவி எண்ணையோ அழைக்க வேண்டும். ஆணை இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், சொல் போதாது. முத்திரையிட்ட நகல் வேண்டும். நகலில் வழக்கு எண்ணையும் தேதியையும் பார்க்க வேண்டும். ஏனெனில் பராமரிப்பு ஆணையைப் பின்னர் மாற்ற முடியும், பழைய ஆணையைக் காட்டுவோரும் உண்டு. நேரடி வளர்ப்பு யாருக்கு, சந்திப்பு எந்த நாளில் என்ற இரண்டு வரிகளைத் தேடிப் படிக்க வேண்டும். அது மலாயில் இருக்கும். விளங்காவிட்டால் விளங்குபவரை அழைத்துப் படிக்கச் செய்ய வேண்டும். அதுவரை அவள் அலுவலகத்தில், வாயிற்கதவு தெரியாத பக்கமாகப் போடப்பட்ட நாற்காலியில் அமர்ந்திருக்கட்டும்.